சஞ்சாரம் என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம்

ஊர் சுற்றுவதைக் குறிக்கும் சொற்கள் தமிழில் எத்தனை உண்டு என்று என்னைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். திரிதல், அலைதல், உலாவுதல், யாத்திரை, தேசாந்தரம், சஞ்சாரம். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எந்தப் பொருளை உதிர்த்துவிட்டு வந்தது எல்லாம் அத்துப்படி. ஆனால் என்னை ஒரு பஸ்ஸில் ஏற்றி உட்காரவைத்தால் மூன்றாவது நிறுத்தத்துக்குள் முகம் வெளுத்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்டக்டரைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். வேலை கிடைத்ததும் ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்ததைச் சிக்கனம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் அகராதி அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. கீழே மூக்குக் கண்ணாடிக் கடை. மேலே நாங்கள், நான்கு மேசை, சுவர் நெடுக இரும்பு அலமாரி, அலமாரி நிறையச் சொல் அட்டைகள். மின்விசிறியைப் போட்டால் அட்டை பறக்கும், போடாவிட்டால் நாங்கள் வெந்துபோவோம். அதனால் ஒவ்வொரு அட்டைக் கட்டின் மேலும் ஒரு பித்தளைக் கதவுக் கைப்பிடியை வைத்திருக்கிறோம். யாரோ ஒரு காலத்தில் மொத்தமாக வாங்கிப் போட்டது. எங்களிடம் கதவைவிடக் கைப்பிடி அதிகம்.

தலைமைப் பதிப்பாசிரியர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. அவர் கையில் மாட்டிய வாக்கியம் முழுசாக வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. மெய்ப்புத் திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். ஒரு 'க்' விடுபட்டாலும் மோப்பம் பிடித்துவிடுவார் என்பதால் அவர் ஒற்றர். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. விசாரிக்கவும் பயம்.

கத்தரிக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. ஒன்று, எழுத்து வரிசை. 'அ' முழுசாக முடியாமல் 'ஆ' பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது 'அ'. எனக்குக் கல்யாணம் ஆனபோதும் 'அ'தான். என் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது 'ஏ'வுக்கு வந்திருந்தோம். 'க' முடிவதற்குள் அவள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்கே போய்விட்டாள். இப்போதுதான் 'ச'வைத் தொட்டிருக்கிறோம். இந்த வேகத்தில் 'வ'வைப் பார்க்க நான் உயிரோடு இருந்தால் ஆச்சரியம்.

இரண்டாவது பிடிவாதம் எடுத்துக்காட்டு வாக்கியம். சொல்லுக்கு ஒரு வாக்கியம் நாங்களே எழுதுவோம். அதை அப்படியே அச்சுக்கு அனுப்பக் கத்தரி விடமாட்டார். "வீட்டுக்குக் கொண்டு போங்க" என்பார். வீட்டுக்குப் போய், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், பேச்சோடு பேச்சாக அந்த வாக்கியத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும். கேட்டவர் விஷயத்துக்குப் பதில் சொன்னால் வாக்கியம் தேறியது. "என்ன உளர்றீங்க?" என்றால் தேறவில்லை. பதில் வந்த கையோடு "சோதனை முடிஞ்சது" என்று சொல்லிவிட வேண்டும் என்ற விதி பிற்பாடு வந்தது. வரக் காரணம் ஒற்றர். 'கைது' என்ற சொல்லுக்காக அவர் தன் அம்மாவிடம் "என்னை நாளைக்குக் கைது பண்ணப் போறாங்களாம்" என்று சொல்லிவிட்டு, அப்படியே குளிக்கப் போய்விட்டார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் சொந்தக்காரர்கள் வீடு நிறைய உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார்கள். வக்கீல் வேறு வந்திருந்தாராம்.

என் வீட்டில் சோதனைக்கு ஆள் என் மனைவிதான். அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். நாள் முழுக்க நின்றுகொண்டே அடுத்தவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். யார் மயங்கி விழப் போகிறார்கள் என்று வாசலில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவாள். அப்படிச் சோதித்துவிட்டு வருகிறவளை வீட்டில் நான் ஒரு வாக்கியத்தோடு காத்திருந்து சோதிப்பேன். 'எருமை'க்காக ஒருநாள் "எருமை மாதிரி அங்கேயே நிக்கிறியே" என்றேன். கரண்டி பறந்து வந்தது. கத்தரியிடம் போய்ச் சொன்னேன். "இயல்பான பதில், தேறிடுச்சு" என்றார். என் நெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அகராதிக்கு வெளியே நான் பேசுவது குறைவு. பேசினாலும் பாதியில் விழுங்கிவிடுவேன். "அந்த இது... வந்து... சரி விடு" என்பதுதான் என் அன்றாடத் தமிழ். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை மனசில் பட்டதை அவளிடம் முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். பதிலுக்கு அவள், துணி காயப் போட்டாயிற்றா என்று கேட்டாள். சரிதான், இந்த வியாபாரம் நமக்கு ஒத்துவராது என்று அந்தக் கடையை அன்றோடு இழுத்து மூடிவிட்டேன்.

'சஞ்சாரம்' என் மேசைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை. ஒற்றர் அட்டையைப் பார்த்ததுமே, "இலக்கிய வழக்குன்னு ஒரு முத்திரை குத்தி அனுப்புங்க சார். யாரு பேசுறா இதை?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என்னைச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன், சொல்லைச் சொன்னால் தாங்காது.

ஆரம்பித்துவிட்டேன். "'சர்'னு ஒரு வடமொழி வேர். அசையறது, நடக்கறது, திரியறது. அந்த ஒத்தை வேர்லேருந்து எத்தனை வந்திருக்கு தெரியுமா? அசையறதும் அசையாததும் சேர்ந்தா சராசரம். நடந்துக்கற முறை ஆசாரம். ஒருத்தர் கிட்டப் போய்க் கவனிச்சா உபசாரம். மனசு ஒன்னையே சுத்திச் சுத்தி வந்தா விசாரம். நாலு பேர்கிட்டப் போய்ப் பரப்பினா பிரசாரம். முன்னாடி 'சம்' சேர்த்தா சஞ்சாரம். சம்னா சேர்ந்து, கூடி. முழுக்கன்னும் வெச்சுக்கலாம். துறவி ஊர் ஊராப் போனா சஞ்சாரம், கிரகம் இடம் மாறினா சஞ்சாரம், பாடறவங்க ஒரு ராகத்துக்குள்ள மேலும் கீழும் போய் வந்தாலும் சஞ்சாரம். வானத்துலேருந்து தொண்டை வரைக்கும் திரிஞ்ச சொல்லுய்யா இது!"

கத்தரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எல்லாம் சரி. கடைசியா யார் வாயால கேட்டீங்க?"

அட்டைகளைப் புரட்டினேன். 'ஆள் சஞ்சாரமற்ற தெரு.' 'மனித சஞ்சாரமே இல்லாத காடு.' 'ஜன சஞ்சாரம் இல்லாத நேரம்.' பத்தில் எட்டு அட்டை இப்படித்தான். உலகம் முழுக்கத் திரிந்த சொல் கடைசியில் யாரும் இல்லாத இடத்தைச் சொல்வதற்கு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒற்றர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"உங்களை மாதிரியேதான் சார். சஞ்சாரம்னாலே அடுத்து 'இல்லை'ன்னுதான் வருது."

ஆபீஸே சிரித்தது. கத்தரிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. "இன்னைக்கே வீட்டுல சொல்லிக் காட்டுறேன். தேறினா அந்த முத்திரை வேண்டாம்" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

கத்தரி ஒரு நிபந்தனை போட்டார். "அந்த 'சம்' வாக்கியத்துல தெரியணும். தனியா ஒருத்தர் சுத்தற மாதிரி வேண்டாம்." உடனே உட்கார்ந்து எழுதினேன்: இந்த லீவுக்கு நாம ரெண்டு பேரும் சேர்ந்து கொஞ்ச நாள் சஞ்சாரம் போயிட்டு வரலாமா?

அன்று மாலை அவள் வேலையிலிருந்து வந்து, நாற்காலியில் சாய்ந்து, கால் இரண்டையும் வெந்நீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. வாக்கியத்தை ஒரு எழுத்துச் சிந்தாமல் சொன்னேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். "எப்ப?" என்றாள்.

அவ்வளவுதான். என்ன உளறல் என்று கேட்கவில்லை, புருவம்கூட அசையவில்லை. சொல்லைத் தாண்டி நேராக விஷயத்துக்குப் போய்விட்டாள். இத்தனை வருஷ வேலையில் இப்படிச் சுத்தமாகத் தேறிய வாக்கியத்தை நான் பார்த்ததில்லை. ஒற்றரின் முகம் நாளைக்கு எப்படித் தொங்கும் என்று நினைத்துப் பார்த்து உள்ளுக்குள் குதித்தேன். குதித்து முடித்துவிட்டு "சோதனை" என்று வாயைத் திறப்பதற்குள் அவள் வாளியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். ஈரக் காலோடு ஓடிப் போய், அலமாரி மேல் கிடந்த பயணப் பையை இறக்கித் தூசி தட்டினாள்.

"இதோட ஜிப் போயிடுச்சு. புதுசு ஒன்னு வாங்கிடலாம்ங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"என்ன கண்ணுல?" என்றேன்.

"தூசி."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கு ஊர் சுற்ற எவ்வளவு ஆசை என்பது எனக்குத் தெரியாததா? அவள் வேலை பார்க்கும் கூடத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ் நிலையம். எந்த வண்டி எந்த ஊருக்கு, எந்த வழியாகப் போகிறது என்று பலகையைப் பார்க்காமலே சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் "எங்கயாவது போலாமாங்க?" என்று கேட்பாள். ஒவ்வொரு வருஷமும் நான் ஒரு காரணம் கண்டுபிடிப்பேன். போன வருஷம் கேட்கவில்லை. இந்த வருஷமும் கேட்கவில்லை.

இப்போது போய் "அது அகராதிக்காகச் சொன்னது" என்றால் கோபப்படுவாள் என்று பயமில்லை. கோபப்பட மாட்டாள். அதுதான் பயம். "ஓ" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்த இடத்தில் வைத்துவிடுவாள். அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் அது அவள் காதில் வெறும் வாக்கியமாகத்தான் விழும். 

மறுநாள் ஆபீசில் மாலை போடாத குறை. கத்தரி, "முடிஞ்சதும் சொல்லிட்டீங்கல்ல?" என்று கேட்டார். "சொல்லிட்டேன்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அட்டையில் 'முத்திரை வேண்டாம்' என்று சிவப்புப் பேனாவால் எழுதினார். ஒற்றர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதை அப்படியே ஆற விட்டேன்.

சொல்லிவிடலாம் என்று நான் முயற்சி செய்யாமல் இல்லை. அன்று மாலையே, "நேத்து நான் சொன்னேன்ல... அந்த இது... வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"டிக்கெட்தானே? எடுத்தாச்சு. லீவும் எழுதிக் கொடுத்தாச்சு" என்றாள்.

"எங்க போறோம்?"

"சஞ்சாரம்னா எங்கன்னு கேக்கலாமா? முதல் வண்டிக்கு மட்டும் டிக்கெட். பிடிச்ச ஊர்ல இறங்குவோம். பிடிக்கலைன்னா அடுத்த வண்டி."

எனக்கு அந்த நிமிஷமே லேசாகத் தலை சுற்றியது. ஒரு வண்டி என்றாலே உயிர் போகும். இவள் அடுத்த வண்டி என்கிறாள்.

மகள் ஃபோன் செய்தாள். "அப்பா, நீங்கதானா? அம்மா சொன்னப்போ நான் நம்பவே இல்லை. பக்கத்துத் தெருவுக்கே மாத்திரை போட்டுக்கிட்டுப் போவீங்களே" என்று சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா ரொம்ப சந்தோஷமா இருக்காங்கப்பா. ஏதாவது சொல்லிக் கெடுத்துடாதீங்க." மகள் இப்படிச் சொன்ன பிறகு எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? புதுப் பை வந்தது, நல்ல நீலத்தில். அவள் அதை ஒரு தடவை திறந்து, ஒரு தடவை மூடி, ஜிப் ஓடும் சத்தத்தைக் கேட்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை இழுத்தாள். நான் செய்தித்தாளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் காலையில் மாத்திரை போட்டேன். அது வேலை செய்யாவிட்டால் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம், அதுவும் வேலை செய்யாவிட்டால் பிளாஸ்டிக் பை. சஞ்சாரத்தின் வேரைத் தோண்டியெடுத்த அறிஞர் இந்தக் கோலத்தில் ரயிலேறினார். அவள் ஜன்னலோரம். நான் பக்கத்தில், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. எதிரே ஒரு பெரியவர், வண்டி புறப்படுவதற்கு முன்பே குறட்டை விட ஆரம்பித்திருந்தார். அந்த மனிதரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

ஊர் எல்லை தாண்டியிருக்கும். கத்தரியிடமிருந்து ஃபோன். அவருக்கு ஃபோனில் மெதுவாகப் பேசத் தெரியாது. எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அவ்வளவு சத்தம் வேண்டும் என்று நினைப்பவர்.

"அந்தப் பக்கம் இன்னைக்கு அச்சுக்குப் போகுது!" பெட்டி முழுக்கக் கேட்டது. "சஞ்சாரம் வாக்கியம் உறுதிதானே? உங்க வீட்டுல சோதனைன்னு தெரியாமத்தானே பதில் சொன்னாங்க? அப்புறம் சோதனைன்னு சொல்லிட்டீங்கல்ல?"

எதிர்சீட்டுப் பெரியவர் குறட்டையை நிறுத்திக் கண்ணைத் திறந்தார். "அப்புறம் கூப்பிடுறேன்" என்று ஃபோனை அணைத்தேன்.  என் மனைவி ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது... அன்னைக்கு நான்... வந்து..." என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சோதனைன்னு." திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க வாயைத் திறந்தப்பவே தெரியும். ஒரு பேச்சை ஆரம்பிச்சு முழுசா முடிக்கிறீங்கன்னா அது அகராதிக்குத்தான். வீட்டுக்குப் பேசறப்ப எதை முடிச்சிருக்கீங்க?"

"அப்புறம் ஏன் 'எப்ப'ன்னு கேட்டே?"

"எத்தனை வருஷமா உங்க வாக்கியத்துக்கெல்லாம் பதில் சொல்றேன்! ஒன்னையாவது நிஜமாக்கிப் பாத்துடலாம்னு தோணுச்சு. நீங்க 'சோதனை முடிஞ்சது'ன்னு சொல்றதுக்குள்ள பையை இறக்கிடணும்னுதான் ஈரக் காலோட ஓடினேன். வழுக்கி விழப் பாத்தேன்."

"அப்ப கண்ணு கலங்கினது?"

"அதான் சொன்னேனே, தூசி."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாளாக நான் இவளை ஏமாற்றுவதாக நினைத்துச் சோறு தண்ணி இறங்காமல் தவித்திருக்கிறேன். இவள் என்னை ஏமாற்றிவிட்டுப் பைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எதிரே இருந்த பெரியவர் மறுபடி தூங்குவதுபோல் பாவனை செய்தார். ஆனால் குறட்டை வரவில்லை.

அவள் புதுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பையின் ஜிப்பை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னு கேக்கணும்ங்க. ரொம்ப நாளா கேக்கணும்னு."

"கேளு."

"கல்யாணமான புதுசுல, நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பி வந்தேன்ல. அன்னைக்கு வாசல்லயே நின்னு ஒன்னு சொன்னீங்க. 'நீ இல்லாம வீடு வெறிச்னு கிடந்துச்சு'ன்னு. முழுசா. ஒரு எழுத்து முழுங்கல." ஜிப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அது எந்தச் சொல்லுக்கு?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"தப்பா ஒன்னும் நினைச்சுக்கல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். அப்பல்லாம் சோதனைன்னு அப்புறமா சொல்ற வழக்கம் கிடையாதே. 'வீடு'க்கா இருக்குமோ, 'வெறிச்'சுக்கா இருக்குமோன்னு நானா நினைச்சுப்பேன்."

"நமக்குக் கல்யாணம் ஆன வருஷம் ஆபீஸ்ல எந்த எழுத்து ஓடுச்சு, தெரியுமா?" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? நானே அப்பதான் வந்து சேர்ந்திருக்கேன்."

"அ. வருஷம் பூரா வெறும் 'அ'. அடுப்பு, அடைப்பு, அடுக்கு. அந்த 'அ'வை விட்டு ஒரு அடி நகர விடலை அந்தம்மா. இப்ப சொல்லு, நான் சொன்னதுல 'அ' எங்க இருக்கு?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "நீ... இல்லாம... வீடு... வெறிச்னு... கிடந்துச்சு." ஐந்து விரலும் தீர்ந்தது. விரித்த கையை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"'வீடு'க்கு நாங்க இன்னும் போகவே இல்லை. நான் ரிட்டயர் ஆனப்புறம் எவனாவது எழுதுவான்" என்றேன்.

"அப்ப நிஜமாத்தான் சொன்னீங்களா?"

"நிஜமாத்தான். நீ போன நாள்லேருந்து தினமும் ஆபீஸ்லேருந்து வர்றப்பல்லாம் ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். அதான் முழுங்காம வந்துச்சு."

"சொல்லியிருக்கலாமில்ல!"

"சொன்னேனே! சொன்னதுக்கு நீ என்ன பதில் சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"துணி காயப் போட்டாச்சான்னு கேட்டேன்."

"இருக்குல்ல ஞாபகம்?"

"ஐயோ, சோதனைன்னு நினைச்சேங்க!" அவள் குரல் உடைந்தது. "எப்ப வேணா சோதிப்பேன், சாதாரணமா பதில் சொல்லணும், இல்லைன்னா ஆபீஸ்ல என்னைத் திட்டுவாங்கன்னு நீங்கதானே சொல்லி வெச்சிருந்தீங்க. நீங்க தேறணுமேன்னு மூஞ்சியைச் சாதாரணமா வெச்சுக்கிட்டு வாயில வந்ததைக் கேட்டேன். கேட்டுட்டு உள்ள போய், கதவைச் சாத்திக்கிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? நிஜமா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு."

நான் கடையை மூடியது அந்தத் துணிக்காக. அவள் அந்தத் துணியைக் கேட்டது நான் தேற வேண்டும் என்பதற்காக. ஒரு வீட்டுக்குள், ஒரு கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு முட்டாள்கள் இருந்திருக்கிறோம். அதில் பெரிய முட்டாளுக்குச் சொல்லைப் பற்றி எல்லாம் தெரியும் என்று மாதாமாதம் சம்பளம் வேறு.  அழுகை வந்தது. அழுதிருப்பேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கணவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு வயிற்றைப் புரட்டியது. நான் சொல்வதற்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள், தொழில் அப்படி. எங்கிருந்தோ பிளாஸ்டிக் பை வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, அவள் கை வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது. எதிர்சீட்டுப் பெரியவர் நாகரிகமாக எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டார்.

வாய் கொப்பளித்துவிட்டு வந்து கத்தரியைக் கூப்பிட்டேன்.

"வாக்கியம் தேறலைங்க மேடம். கேட்டவங்களுக்கு அது சோதனைன்னு முதல்லேயே தெரிஞ்சிருக்கு. இலக்கிய வழக்குன்னே போட்டுடுங்க."

"அடப் பாவமே! நீங்க எங்க இருக்கீங்க இப்ப?" என்று கத்தினார்.

ஜன்னலைப் பார்த்தேன். ஏதோ வயல், ஏதோ ஒரு தண்ணீர்த் தொட்டி, எனக்குப் பெயர் தெரியாத ஒரு ஊர். "தெரியலை மேடம்" என்றேன்.  ஃபோனைப் பைக்குள் போட்டேன்.

அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தூசியெல்லாம் இல்லை, நன்றாகவே அழுதிருந்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். இந்த முறை ஒத்திகை பார்க்க நேரமில்லை. பேச்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் எது முந்திக்கொள்ளும் என்ற நிச்சயமும் இல்லை.

"நீ இல்லாம... அந்த வீடு... வெறிச்னு..." என்றேன். கடைசிச் சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவள் காத்திருந்து பார்த்தாள். வராது என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள்.

"எனக்கும் எங்கம்மா வீட்டுல இருப்பே கொள்ளலைங்க" என்றாள். "அதான் சொன்ன நாளுக்கு முன்னாடியே கிளம்பி வந்தேன்."

அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ சொல் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் வேர் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. என் தலையெழுத்து.

"துணி" என்றேன். "காலையில காயப் போட்ட துணியை எடுக்காம வந்துட்டேன். கொடியிலேயே கிடக்குது."

"கிடக்கட்டும்" என்றாள்.